ரேடியேட்டரை விட்டுவிட்டு எஞ்சினுக்கு மட்டும் உத்தரவாதமா? குமரி மாவட்டப் பழைய கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய கார் வாங்கி விற்கும் நிறுவன உரிமையாளர்களுக்கு,

"அதிகச் சூட்டினால் ஏற்பட்ட சேதம் உத்தரவாதத்தில் வராது." இந்தக் காரணத்தைச் சொல்லி உங்களில் ஒரு நிறுவனம் என் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாதம் நாங்கள் பொறுப்பு என்று சொல்லி எனக்கு விற்ற கார் அது. அந்த ஆறு மாதத்தில் பாதிகூட முடியவில்லை, எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. சரிசெய்ய 58,000 ரூபாய் ஆனது. அதில் ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்று வாட்ஸாப்பில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. கையெழுத்து இல்லை, பொறுப்பாளர் பெயர் இல்லை, மேல்முறையீடு எங்கே செய்யலாம் என்றும் இல்லை.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று விசாரித்த இடங்களில் எல்லாம் ஏறக்குறைய இதே உத்தரவாதத் தாளைத்தான் பார்த்தேன். வாசகங்கள்கூட அதிகம் மாறவில்லை. ஒரு கடையோடு முடிகிற விஷயமாக இது தெரியவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவட்டாறு பக்கம். அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடக்கிறது. மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் நாளில் அவர்களைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வர முடியாது. ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் பிடித்தும் கட்டுப்படியாகவில்லை. நகையை அடகு வைத்து, சீட்டு எடுத்து, மீதிக்கு வங்கிக் கடன் போட்டு, 2017 மாடல் டீசல் கார் ஒன்றை 4,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். தெரிந்தவர் மூலமாக இதைவிடக் குறைந்த விலைக்கு ஒரு வண்டி கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. அதை விட்டுவிட்டு நிறுவனத்தில் வாங்கியதற்கு ஒரே காரணம் உத்தரவாதம். வழியில் நின்றுவிட்டால் நோயாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயம் எனக்கு இருந்தது. அதை விற்பனையாளரிடம் வெளிப்படையாகவே சொன்னேன். "அண்ணே, நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம். எஞ்சின்ல எது வந்தாலும் எங்க பொறுப்பு" என்றார்.

உத்தரவாதத் தாளை முன்பணம் கட்டியபோது கேட்டேன். டெலிவரியன்று தருவோம் என்றார்கள். முழுப் பணமும் கட்டி, சாவி கைக்கு வந்த பிறகுதான் அது வந்தது. பொடி எழுத்தில், முழுக்க ஆங்கிலத்தில், நான்கு பக்கம். உங்களிடம் கார் வாங்குகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். ரப்பர் பால் வெட்டி, மீன் விற்று, கல்ஃபில் வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தோடு வருகிறவர்கள். அவர்களிடம் விலை பேசுவதும், வண்டியின் பெருமையைச் சொல்வதும், முன்பணம் வாங்குவதும் நல்ல தமிழில் நடக்கிறது. எது கிடைக்காது என்று சொல்கிற தாள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

கோளாறு வந்தது திருவனந்தபுரத்திலிருந்து திரும்பும்போது. களியக்காவிளை நெருங்கும் இடத்தில் டெம்பரேச்சர் முள் திடீரென்று மேலே ஏறியது. உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு நிறுவனத்துக்கு போன் செய்தேன். நாங்கள் சொல்லும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அது வேறு மாவட்டத்தில் இருக்கிறது. ரெக்கவரி வேன் செலவு என்னுடையதாம். அங்கே கொண்டுபோய் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, உத்தரவாதத்தில் வராது என்று முடிவானால் பிரித்த கூலியும் என்னுடையதாம். இந்த மாவட்டத்தில் கார் விற்க முடிகிற ஒரு நிறுவனத்துக்கு, இந்த மாவட்டத்தில் அதைப் பழுதுபார்க்க ஓர் இடம் ஏற்பாடு செய்ய ஏன் முடியவில்லை? நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நல்ல டீசல் மெக்கானிக்குகளும் லேத் பட்டறைகளும் இல்லையா?

பல முறை பேசிய பிறகு, பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலேயே பிரித்துப் படமும் வீடியோவும் அனுப்புங்கள் என்று செய்தி அனுப்பினார்கள். அந்தச் செய்தி என்னிடம் இருக்கிறது. அதன்படிதான் செய்தேன். கடைசியில் கோரிக்கையை நிராகரித்தபோது, அனுமதி இல்லாத ஒர்க்‌ஷாப்பில் பிரித்ததையும் இன்னொரு காரணமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

பிரித்துப் பார்த்தபோது தெரிந்தவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மடலின் ஆதாரமே அதுதான்.

முதலில், தெர்மோஸ்டாட் வால்வு அதன் இடத்தில் இல்லை. யாரோ கழற்றிவிட்டு வெறும் மூடியை மாட்டியிருந்தார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, தேவையான சூடு வந்ததும் திறந்துவிடுவது அந்த வால்வின் வேலை. அதைக் கழற்றிவிட்டால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால் முள் மேலே ஏறவே ஏறாது. இரண்டாவது, ரேடியேட்டர் ஃபேனுக்கு நேரடி வயர் கொடுத்திருந்தார்கள். சூடு ஏறும்போது மட்டும் சுற்ற வேண்டிய ஃபேன், சாவி போட்ட நேரம் முதல் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாவது, ரேடியேட்டருக்குள் பழுப்பு நிறத்தில் சேறுபோல் ஒன்று படிந்திருந்தது. ஒழுகும் ரேடியேட்டரைத் தற்காலிகமாக அடைக்க ஊற்றும் மருந்து அது என்று மெக்கானிக் காட்டினார். ஓட்டையை அடைக்கிற அந்த மருந்தே நாளடைவில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வண்டிக்குச் சூடாகும் வியாதி முன்பே இருந்திருக்கிறது. அதைக் குணப்படுத்தாமல், வெளியே தெரியாதபடி மறைத்திருக்கிறார்கள். ஷோரூமிலிருந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறவருக்கு எதுவும் தெரியப் போவதில்லை. ஏ.சி. போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏற்றமும் இறக்கமும் நெரிசலுமான நம் ரோட்டில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டும்போதுதான் அது தலைகாட்டும். எஞ்சினின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. மீண்டும் மீண்டும் அதிகச் சூட்டில் அது வளையும். வளைந்தால் கேஸ்கெட் தாங்காது, கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். லேத்தில் கொடுத்து ஃபேசிங் (பரப்பைச் சமமாகச் சீவுவது) செய்தபோது ஹெட் எவ்வளவு வளைந்திருந்தது என்று அளந்து எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை முள் ஏறியதும் நிறுத்திய வண்டியில் இவ்வளவு வளைவு வராது என்றுதான் அங்கே சொன்னார்கள்.

இதையெல்லாம் செய்தது அந்த நிறுவனம்தான் என்று நான் சொல்லவில்லை. முன்னால் வைத்திருந்தவரோ அவருடைய மெக்கானிக்கோ செய்திருக்கலாம். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சோதித்தோம் என்று எனக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்களே, அதில் கூலிங் சிஸ்டம் என்ற இடத்தில் 'நன்று' என்று டிக் போட்டிருக்கிறதே, அதற்கு யார் பொறுப்பு? பானெட்டைத் திறந்து சாவியைப் போட்டால், குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் சுற்றுவது எந்த மெக்கானிக் கண்ணுக்கும் உடனே தெரியும். பார்த்துவிட்டு மறைத்திருந்தால் அது ஏமாற்று. பார்க்காமலே டிக் போட்டிருந்தால் அந்தத் தாளில் உள்ள மற்ற டிக்குகளையும் நான் எப்படி நம்புவது? சோதித்தவர் பெயரும் அதில் இல்லை, தேதியும் இல்லை.

அப்புறம் உத்தரவாதம். நான்கு பக்கத்தையும் ஒரு வக்கீல் நண்பரை உட்காரவைத்துப் படித்தேன். எஞ்சினில் எவை சேரும் என்றால் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், ஹெட், பிளாக். எவை சேராது என்றால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன், டைமிங் பெல்ட், டர்போ, இன்ஜெக்டர், சென்சார்கள், கிளட்ச், எல்லா வகை ரப்பர் சாமான்களும் கேஸ்கெட்டுகளும். நல்லபடி ஓடும் வண்டியில் கிராங்க் ஷாஃப்ட் தானாக உடைவதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? எஞ்சின் கெடுவது கூலன்ட் போவதால், ஆயில் போவதால், டைமிங் பெல்ட் அறுவதால். அதாவது, நீங்கள் சேராது என்று எழுதியிருக்கும் சாமான்களால். அந்தச் சாமான் ஒன்று கெட்டு அதனால் எஞ்சின் கெட்டால், மூல காரணம் உத்தரவாதத்தில் இல்லை என்று சொல்லி எஞ்சினையும் சேர்த்து விட்டுவிடலாம். ரப்பர் மரத்துக்கு நான் பொறுப்பு, பட்டைக்குப் பொறுப்பில்லை என்று ஒருவர் தோட்டம் விற்றால் இந்த ஊரில் யார் வாங்குவார்கள்?

இன்னொன்று, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் விதம். நிறுவனத்தைக் கேட்டால், உத்தரவாதம் கொடுப்பது வேறு கம்பெனி, அவர்களிடம் பேசுங்கள் என்றார்கள். அந்தக் கம்பெனியின் போனை எடுத்தவர், வண்டியைச் சோதித்துச் சான்று கொடுத்தது விற்றவர்கள், அங்கே கேளுங்கள் என்றார். அந்தக் கம்பெனியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. விலை பேசும்போது அதன் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. நான் பணம் கொடுத்தது விற்ற நிறுவனத்திடம், நம்பியது அந்த நிறுவனத்தை, பில் வாங்கியதும் அதே நிறுவனத்திடம்.

டெலிவரி நோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இந்த வண்டியால் வரும் விபத்து, வழக்கு, அபராதம் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்து வாங்குகிறீர்கள். அது நியாயமானது. நேரத்தைக் குறித்து எழுதிக்கொள்வதுதான் இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் அதே தாளில் "வண்டியைப் பரிசோதித்து, ஓட்டிப் பார்த்து, முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரியைச் சேர்த்து, பிறகு எந்தக் கோளாறு வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவது நியாயமில்லை. ஓட்டிப் பார்த்துத் தெரியக்கூடிய குறைக்கு அந்த வரி பொருந்தும். தெரியாதபடி மூடி வைத்த குறைக்கு எப்படிப் பொருந்தும்?

என் கதை தனிக் கதை இல்லை என்பது விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. குளச்சல் பக்கம் ஒரு மீனவக் குடும்பம் வாங்கிய வண்டியில், அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் பெயிண்ட் உரிந்து, சேசிஸ் பக்கத்துத் தகடு விரலால் குத்தினாலே உள்ளே போகும் அளவுக்குத் துரு. கடல்காற்றில் நின்ற வண்டிக்கு இது வரும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. இங்கே அடிப்பாகத்தைத் தூக்கிக் காட்டாமல் கார் விற்பதே தவறு என்பேன். உத்தரவாதத் தாளில் துருவுக்கு இடமே இல்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் அடுத்த கவலை. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த வெள்ளம், 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளம், அதே மாதத்தில் திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் மூழ்கடித்த வெள்ளம் என்று எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு இழப்பு என்று கணக்கு முடித்த வண்டிகள் ஏலத்தில் போகும். அப்படிப் போனவை துடைத்து, சீட் கவர் மாற்றி, மறுபடியும் சந்தைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கும். வயரிங் சாக்கெட்டுகளில் பச்சை பிடித்திருக்கும். வண்டி வாங்குகிற சாதாரண ஆளுக்கு இது தெரியாது. நாள்தோறும் வண்டி பார்க்கிற உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விற்றால், அந்த வண்டியின் எலக்ட்ரிக்கல் கோளாறுகள் வருடக்கணக்கில் வாங்கியவரைத் துரத்தும். எலக்ட்ரிக்கலும் உத்தரவாதத்தில் இல்லை.

கேரளப் பதிவு வண்டிகளைப் பற்றியும் இங்கே பேசாமல் இருக்க முடியாது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கே.எல். வண்டிகள் நிறைய வருகின்றன. அதில் தவறில்லை. என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொல்லி விற்பதுதான் தவறு. விடுமுறைக்கு வந்த கல்ஃப்காரர் ஒருவர் அப்படி வாங்கிவிட்டு, என்.ஓ.சி. வராமலே வேலைக்குத் திரும்பினார். வண்டியின் மேல் இருந்த பழைய கடன் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழிலிருந்து நீக்கப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், இங்கத்திய வரியும் கட்ட வேண்டும். அந்த வரி எவ்வளவு வரும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரத்துக்கென்று தனி விதிகள் நடைமுறைக்கு வந்தன. வியாபாரி படிவம் 29ஏ-யில் விண்ணப்பித்து 29பி என்னும் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை வியாபாரியிடம் ஒப்படைப்பதைப் பதிவு அதிகாரிக்கு 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் விற்கும் வரை, அந்த வண்டியின் உரிமையாளராகச் சட்டம் கருதுவது உங்களைத்தான். என்.ஓ.சி.க்கும் பெயர் மாற்றத்துக்கும் நீங்களே விண்ணப்பிக்கும் அதிகாரமும் அதில் இருக்கிறது. நாங்கள் நடுவில் நிற்கிறவர்கள் மட்டும்தான் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் தெளிவாக இருக்கிறது. போதுமான சோதனை செய்யாமல் ஒரு பொருளின் செயல்பாட்டுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் கொடுப்பதை அது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. நிறைவேற்றும் வாய்ப்பே இல்லாத உத்தரவாதத்தை உத்தரவாதம் என்று காட்டுவதையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு. வக்கீல் நண்பர் இந்தப் பிரிவுகளை வாசித்துக் காட்டியபோது, என் கையிலிருந்த தாளைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

2025 ஜனவரி முதல் பழைய கார் விற்பனையில் உங்களுக்குக் கிடைக்கும் லாபத்தின் மீது ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகியிருக்கிறது. அந்தச் சுமையும் கடைசியில் விலையில்தான் ஏறும், நாங்கள்தான் கொடுப்போம். ஒரு முறையான வியாபாரத்துக்கு உரிய விலையை எங்களிடம் வாங்குகிறீர்கள். முறையான வியாபாரத்துக்கு உரிய பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

உங்களில் நேர்மையாக நடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வண்டி முன்பக்கம் இடிபட்டது, டிங்கரிங் செய்திருக்கிறோம், அதனால்தான் இந்த விலை என்று சொல்லி, பழுதுபார்த்த பில்லையும் கையில் கொடுத்த ஒருவரை தக்கலைப் பக்கம் எனக்குத் தெரியும். அவர் கடையில் வியாபாரம் குறைந்துவிடவில்லை. தெரிந்து வாங்கியவர் திரும்பி வந்து சண்டை போடவும் இல்லை. எல்லோராலும் இப்படி நடக்க முடியும் என்பதால்தான் கீழே உள்ளவற்றைக் கேட்கிறேன்.

உத்தரவாதத் தாளைத் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் அச்சடித்து, முன்பணம் வாங்குவதற்கு முன்பே கையில் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வர ஒரு நாளாவது விடுங்கள். எஞ்சினுக்கு உத்தரவாதம் என்றால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன், டைமிங் பெல்ட், ஆயில் பம்ப், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றையும் அதில் சேருங்கள். சேர்க்க முடியாதென்றால் எஞ்சினுக்கு உத்தரவாதம் என்று விளம்பரப் பலகையில் எழுதாதீர்கள்.

சோதனைத் தாளில் டிக் மட்டும் போதாது. சோதித்தவர் பெயர், கையெழுத்து, தேதி வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவு, கூலிங் சிஸ்டத்தில் பிரஷர் ஏற்றிப் பார்த்த முடிவு, ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடுகள் ஆகியவற்றை எண்களாக எழுதுங்கள். இந்தச் சோதனைகளுக்குப் பெரிய செலவு ஆகாது, பெரிய கருவியும் வேண்டாம். மீட்டரில் உள்ள கிலோமீட்டர் சரியானதா என்பதைக் கம்பெனி சர்வீஸ் பதிவோடு ஒப்பிட்டு, அந்தப் பதிவின் நகலையும் இணையுங்கள். வண்டி விபத்தில் சிக்கியதா, தண்ணீரில் மூழ்கியதா, இன்சூரன்ஸில் முழு இழப்பாகக் கணக்கு முடிக்கப்பட்டதா என்பதற்கு ஆம், இல்லை என்று எழுத்தில் பதில் கொடுங்கள். வாங்குகிறவர் தன் மெக்கானிக்கைக் கூட்டிவந்து, வண்டியைத் தூக்கிப் பார்க்கவும், பத்து இருபது கிலோமீட்டராவது ஏ.சி. போட்டு ஓட்டிப் பார்க்கவும் அனுமதியுங்கள்.

கோளாறு வந்தால் இந்த மாவட்டத்துக்குள்ளேயே பழுதுபார்க்க நாகர்கோவில் பக்கம் ஒன்றும் மார்த்தாண்டம் பக்கம் ஒன்றுமாக இரண்டு ஒர்க்‌ஷாப்புகளையாவது நியமியுங்கள். உத்தரவாதத்தை எந்தக் கம்பெனி வழியாகக் கொடுத்தாலும், வாங்கியவர் பேச வேண்டியது உங்களிடம் மட்டும்தான் என்று தாளிலேயே எழுதுங்கள். கோரிக்கை கொடுத்த ஏழு வேலை நாட்களுக்குள், ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று காரணத்துடன், பொறுப்பாளர் கையெழுத்துடன் தமிழில் பதில் கொடுங்கள். பெயர் மாற்றமும் என்.ஓ.சி.யும் முடியும் வரை விலையில் ஒரு பகுதியை வாங்குகிறவரிடமே நிறுத்திவைக்க ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் 29பி சான்றிதழை ஷோரூமில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வையுங்கள்.

மாவட்ட ஆட்சியரிடமும் ஒரு வேண்டுகோள். பழைய கார் நிறுவனங்களையும், வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களையும், நுகர்வோர் அமைப்புகளையும் ஒருமுறை ஒன்றாக அழைத்து, மாவட்டம் முழுவதற்கும் பொதுவான ஒரு தமிழ் உத்தரவாதப் படிவத்தையும் சோதனைப் படிவத்தையும் உருவாக்க உதவ வேண்டும்.

கடைசியாக, எனக்கு விற்ற நிறுவனத்துக்கு. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கழற்றிய ரேடியேட்டர், வெட்டி இணைத்த ஃபேன் வயர், லேத் அளவுச் சீட்டு, நீங்கள் அனுப்பிய செய்தி, நீங்கள் கொடுத்த சோதனைத் தாள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் மெக்கானிக் எந்த நாளும் வந்து பார்க்கலாம். நிராகரிப்பைத் திரும்பப் பெற்று 58,000 ரூபாயைத் தாருங்கள். சோதனைத் தாளில் கூலிங் சிஸ்டத்துக்கு டிக் போட்டவர் யார் என்று எழுத்தில் சொல்லுங்கள். இந்த மடல் வெளியான நாளிலிருந்து 30 நாட்கள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
திருவட்டாறு பகுதியிலிருந்து,
உங்களிடம் கார் வாங்கிய ஒருவர்